பாலைவனப் பல நாள் ஓட்டம்: பயிற்சி முறைகளும் அவற்றின் சான்றுகளும்

மாரத்தான் எனப்படும் 42.195 கிலோமீட்டர் தொலைவைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான் என்ற பெயருக்கு உரியது. அவற்றுள் தொடக்கம் முதல் முடிவு வரை கடிகாரம் நிற்காமல் ஓடுபவை ஒரு வகை. நாளுக்கு ஒரு கட்டமாகப் பிரிக்கப்பட்டு, மாலையில் முகாமில் தங்கி, மறுநாள் காலையில் மீண்டும் புறப்பட வேண்டியவை மற்றொரு வகை. இரண்டாம் வகை ஓட்டம் பாலைவனத்தில், அதுவும் ஓட்டக்காரர் தம் உணவையும் படுக்கையையும் தாமே சுமக்க வேண்டும் என்ற விதியோடு நடத்தப்படும்போது, அதற்கான ஆயத்தம் வழக்கமான மாரத்தான் பயிற்சியின் நீட்சியாக மட்டும் அமைய முடியாது. வெப்பம், நீர், மணல், சுமை, பாதத்தின் தோல், உணவு, உறக்கம் ஆகிய ஏழும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் நிலையில், எதை எப்போது எவ்வளவு பயில வேண்டும் என்பதே இத்துறையின் மையக் கேள்வியாகிறது.

இக்கேள்விக்கு உடலியங்கியல் ஆய்வுகளும் போட்டிக்களங்களில் நடந்த மருத்துவ ஆய்வுகளும் தரும் விடைகளைத் தொகுத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு தொகுக்கையில் ஒரு முரண் தெளிவாகத் தென்படுகிறது. ஓட்டக்காரர்கள் தம் உழைப்பில் பெரும்பகுதியைச் செலுத்துவது வாராந்தரக் கிலோமீட்டர்க் கணக்கில். ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதற்கான சான்றுதான் இத்துறையில் மிகவும் மெலிந்தது. வெப்பத்துக்கு உடலைப் பழக்குதல், சுமையைக் குறைத்தல், பாதத்தைக் காத்தல், நீரை அளவறிந்து அருந்துதல் ஆகியவற்றுக்கு அதைவிட வலுவான அடிப்படை இருந்தும், அவை கடைசி மாதத்து வேலைகளாகத் தள்ளப்படுகின்றன. இந்த வரிசையை மாற்றியமைத்தால் பலர் இலக்கை அடையவும், சிலர் உயிராபத்திலிருந்து தப்பவும் வழி பிறக்கும்.

போட்டியின் இயல்பு

இவ்வகை ஓட்டங்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது தெற்கு மொரோக்கோவில், சகாராவின் வடமேற்கு விளிம்பில் நடைபெறும் 'மாரத்தான் தே சாப்ல்' ஆகும். மணல் மாரத்தான் என்பது அந்தப் பிரெஞ்சுப் பெயரின் பொருள். பிரான்சைச் சேர்ந்த பாட்ரிக் பவேர் 1984இல் அல்ஜீரியச் சகாராவில் ஏறத்தாழ 350 கிலோமீட்டரை, வேண்டிய நீரையும் உணவையும் முதுகில் சுமந்தபடி, 12 நாள்களில் தனியாக நடந்து கடந்தார். அந்த நடையில் பிறந்த எண்ணம் 1986இல் 23 பேர் பங்கேற்ற முதல் போட்டியாக உருவெடுத்தது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அதில் ஒரு கட்டம் மட்டுமே 80 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுங்கட்டம், பலருக்கு அது இரவையும் விழுங்கிவிடும். 2002இல் தோன்றிய ரேசிங் த பிளானட் என்ற அமைப்பு கோபி, அட்டகாமா ஆகிய பாலைவனங்களில் இதே அளவிலான ஏழு நாள் ஓட்டங்களை நடத்தி வந்திருக்கிறது.

விதிகளைக் கூர்ந்து நோக்கினால் பயிற்சியின் திசை புலப்படும். மொரோக்கோப் போட்டியில் நீர் நீங்கலாக முதுகுப்பையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையாமலும் 15 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்; நாளுக்கு 2,000 கிலோகலோரிக்குக் குறையாத உணவு பையில் இருந்தாக வேண்டும். திசைகாட்டி, விசில், கத்தி, சைகைக் கண்ணாடி, உயிர்காப்புப் போர்வை ஆகியவை கட்டாயப் பொருள்கள். இதயத்தின் மின்வரைபடமாகிய ஈசிஜியும் மருத்துவச் சான்றிதழும் இன்றி யாரும் அனுமதிக்கப்படுவதில்லை. மருத்துவ உதவி நீங்கலாக, நீரும், இருபுறமும் திறந்த கறுப்புக் கூடாரத்தின் நிழலும் மட்டுமே அமைப்பாளர்கள் தருபவை. கட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒட்டகங்கள் நடந்து வருகின்றன. அவை முந்திச் சென்றுவிட்டால் அந்த ஆளின் போட்டி அங்கேயே முடிந்தது. ஒட்டகத்தின் நடைக்கு முன்னால் இருந்தால் போதும் என்பதால், சாதாரணப் பங்கேற்பாளரின் தேவை ஓட்ட வேகத்தைவிட, ஏழு நாளும் குலையாத நடையும் உடல்நிலையுமே என்பது இவ்விதியிலிருந்தே விளங்கும்.

வெப்பத்துக்கு உடலைப் பழக்குதல்

பயிற்சியின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பகுதி இதுவே. வெப்பச் சூழலில் மீண்டும் மீண்டும் உழைக்கும் உடல் அடையும் மாற்றங்களின் தொகுப்பை வெப்ப இணக்கம் என்று குறிப்பிடலாம். தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளர்கள் வெப்பத்தாக்கத்தால் மாண்டபோது, 1930களில் தொடங்கி, அவர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட வெப்பத்தில் சில நாள்கள் உழைக்கவைத்த பின்னரே சுரங்கத்துக்குள் அனுப்பும் முறை உருவாக்கப்பட்டது. இன்று ஓட்டக்காரர்கள் பின்பற்றும் முறையின் வேர் விளையாட்டுத் திடலில் இல்லை. அந்தச் சுரங்கங்களில் இருக்கிறது.

இணக்கம் படிப்படியாக நிகழ்கிறது. முதல் சில நாள்களிலேயே பிளாஸ்மா எனப்படும் குருதிநீர்மத்தின் அளவு பெருகுவதால், தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் குருதி அனுப்ப வேண்டிய இதயத்தின் பளு குறைந்து நாடித்துடிப்பு தணிகிறது. அடுத்த நாள்களில் வியர்வை முன்னதாகவே அரும்பத் தொடங்குகிறது, அதன் அளவு கூடுகிறது, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் செயலால் அதில் கரைந்து வெளியேறும் உப்பு குறைகிறது. உடலின் உள்வெப்பநிலையை 38.5 செல்சியஸ் அளவுக்கு உயர்த்தும் 60 முதல் 90 நிமிட உழைப்பை 10 முதல் 14 நாள்கள் தொடர்ந்தால் இம்மாற்றங்கள் பெரும்பாலும் நிறைவடையும் என்பதில் ஆய்வாளரிடையே ஒற்றுமை உண்டு. இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை ஆண்களிடம் செய்யப்பட்டவை. பெண்களுக்கு முழுப் பயன் கிட்ட ஐந்து நாள் குறுகிய முறை போதாது, பத்து நாளளவு வேண்டும் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் சுட்டுகின்றன.

பெற்ற இணக்கம் நிலைத்து நிற்பதும் இல்லை. வெப்பத்தை விட்டு விலகிய ஒவ்வொரு நாளும் அதன் பயனில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கரைகிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. எனவே போட்டிக்கு மூன்று மாதம் முன்பு வெயிலில் வருந்தி ஓடியது போட்டியன்று கைகொடுக்காது. இறுதி இரண்டு மூன்று வாரங்களே இதற்குரிய காலம். ஆனால் அதே வாரங்கள்தான் களைப்பு நீங்குவதற்காக ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய வாரங்களும் ஆகும். இந்த முடிச்சை அவிழ்க்க உதவுவது வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு. மிதமான சூழலில் 40 நிமிடம் ஓடி முடித்த உடனே 40 செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் 40 நிமிடம் வரை கழுத்தளவு அமிழ்ந்திருந்தவர்களிடம் ஆறே நாளில் இணக்கத்தின் அடையாளங்கள் தோன்றின. வெப்ப அறையோ கொளுத்தும் வெயிலோ இல்லாத குளிர்நாட்டவருக்கும், ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வெப்பத்தைப் பழக விரும்புவோருக்கும் இது எளிய வழி. எழும்போது குருதியழுத்தம் இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால், அருகில் ஒருவர் இல்லாமல் இதைச் செய்யலாகாது.

வெப்பத்தின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓடுபவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவிடுகிறார். 70 கிலோ எடையுள்ளவர் கெட்டித் தரையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரச் செலவு 560 கிலோகலோரி. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே உடலில் தேங்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் நீக்கும் வெப்பம் ஏறத்தாழ 580 கிலோகலோரி என்பதால், தசை உண்டாக்கிய வெப்பத்தைத் தள்ளுவதற்கு மட்டுமே முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை தேவை. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமாகிய 35 செல்சியஸைத் தாண்டிவிட்டால், காற்றும் வெயிலும் மணலும் வெப்பத்தை உடலுக்குள் செலுத்தத் தொடங்கும். அப்போது வியர்வையைத் தவிர வேறு வாயில் இல்லை. நடையாக மாறியவுடன் இந்தக் கணக்கு முழுவதும் தளர்கிறது என்பதைப் பயிற்சியிலேயே உணர்ந்தவர், நண்பகலில் நடப்பதைத் தோல்வியாகக் கருதமாட்டார்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பயில்வோருக்கு வெக்கை புதிதன்று. அவர்களுடைய உடல் ஓரளவு இணங்கியே இருக்கிறது. ஆனால் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி, சட்டையைப் பிழியும் அளவுக்கு நனைப்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ அது தோன்றிய கணமே மறைந்து, சட்டையில் வெள்ளை உப்புக் கோடுகளை மட்டும் விட்டுச் செல்கிறது. வியர்க்கவில்லை என்று எண்ணி நீரைத் தள்ளிப்போடும் ஆபத்து கடலோரத்தவருக்கே மிகுதி.

நீரும் உப்பும்

நீர் பற்றிய ஆய்வு வரலாற்றில் இரண்டு முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பன போல நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ஃப் குழுவினர், பாலைவனத்தில் படைவீரர்களை வைத்துச் சோதனைகள் நடத்தி, 1947இல் அவற்றை நூலாக வெளியிட்டனர். நீரைச் சிறுகச் சிறுக ஒதுக்கி அருந்துவதால் வியர்வை குறைவதில்லை, ஆகவே கையில் நீரை வைத்துக்கொண்டு வாட வேண்டியதில்லை என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. எதிரில் போதிய நீர் இருந்தும் உழைக்கும் மனிதர் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை, உணவு வேளையில்தான் அந்தக் குறையை ஈடுசெய்கிறார் என்பது இரண்டாவது. தன்னியல்பான நீரிழப்பு என்று இதற்குப் பெயரிட்டனர்.

இதற்கு மறுபுறமாக, தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985இல், நெடுந்தூர ஓட்டக்காரர் சிலர் நீர்க்குறைவால் அன்றி, அளவுக்கு மீறி அருந்திய நீராலேயே வீழ்ந்ததை எடுத்துக்காட்டினார். குருதியில் உள்ள சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் இந்நிலைக்கு ஹைப்போநட்ரீமியா என்று பெயர். அது முற்றினால் மூளை வீங்கி வலிப்பும் இறப்பும் நேரும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினரிடம் இக்குறை காணப்பட்டது. ஓட்டத்தின் முடிவில் உடல் எடை கூடியிருந்தமை அதன் முதன்மை அடையாளமாக இருந்தது. உப்பு மாத்திரை விழுங்கினால் எவ்வளவு நீரும் அருந்தலாம் என்ற பரவலான நம்பிக்கை தவறானது. மிகுதியாக அருந்திய நீரை மாத்திரையில் உள்ள சோடியத்தால் ஈடுகட்ட இயலாது.

பல நாள் ஓட்டத்தில் இரு முடிவுகளும் ஒருங்கே பொருந்துகின்றன. பகலில் தாகத்தை ஒட்டி அருந்தி, சிறு பற்றாக்குறையைப் பொறுத்துக்கொண்டு, மாலையில் உப்புள்ள உணவோடு சேர்த்து நீரை மீட்டுக்கொள்வதே நாளை அடுத்து நாள் உடலைச் சமநிலையில் வைக்கும். பயிற்சிக் காலத்தில், ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஆடையின்றி எடைபார்த்து, இடையில் அருந்திய நீரைச் சேர்த்துக் கணக்கிட்டால், தம் வியர்வை அளவு மணிக்கு எவ்வளவு என்பதை எவரும் அறிந்துகொள்ளலாம். ஒருவருக்கு அரை லிட்டரும் மற்றொருவருக்கு ஒன்றரை லிட்டருமாக அது மாறுபடுவதால், பிறர் அருந்தும் அளவைப் பின்பற்றுவது இரு திசையிலும் தீங்காகும்.

மணலும் சுமையும்

மணலில் நடப்பது ஏன் அத்துணை களைப்பூட்டுகிறது என்பதைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து காட்டினர். ஒரே வேகத்தில் கெட்டித் தரையோடு ஒப்பிட, மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கும், ஓட 1.6 மடங்கும் ஆற்றல் செலவாகிறது. ஒவ்வோர் அடியிலும் பாதம் மணலைத் தள்ளி நகர்த்துவதில் ஒரு பங்கு வீணாகிறது. தசையும் தசைநாணும் வில்லைப் போல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் திறனும் மென்மையான தரையில் குறைந்துவிடுகிறது. தென் மொரோக்கோவின் பாதையில் மணற்குன்றுகளோடு கல் செறிந்த மேட்டுநிலங்களும் வறண்ட ஏரிப்படுகைகளும் கலந்தே வருவதால், மணல் ஒன்றிலேயே பயில வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கடற்கரையின் உலர்ந்த மணலிலோ, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு போன்ற செம்மணல் மேடுகளிலோ சுமையோடு நடந்து பழகினால் கெண்டைக்காலும் கணுக்காலும் அதற்கு ஈடுகொடுக்கும். அடியைக் குறுக்கி, பாதத்தைத் தட்டையாக ஊன்றி, முன்னவர் மிதித்து இறுகிய தடத்திலோ, காற்று இறுக்கிய மணல் வரிகளிலோ கால்வைத்துச் செல்லும் நுட்பமும் பழக்கத்தால் வருவதே. மொரோக்கோவின் சாகோரா வட்டாரத்தைச் சேர்ந்த லாசன் அகன்சால் மாரத்தான் தே சாப்ல் போட்டியைப் பத்து முறை வென்றதும், அவருக்குப் பின் 2011 முதல் அதே வட்டாரத்து ரஷீத் எல் மொராபித்தி மீண்டும் மீண்டும் வென்றதும், இந்நிலத்தில் வளர்ந்த கால்களின் தேர்ச்சியை எண்ணாமல் விளங்கா.

சுமையைப் பொறுத்தவரை, பயிற்சியால் முதுகை வலுவாக்குவதைவிடப் பையை இலேசாக்குவதே பெரும்பயன் தருகிறது. கிராமுக்கு 4 கிலோகலோரி தரும் உணவால் ஏழு நாளுக்கான கட்டாய அளவாகிய 14,000 கிலோகலோரியை நிரப்ப 3.5 கிலோ தேவை. 5 கிலோகலோரி தரும் உணவைத் தேர்ந்தால் 2.8 கிலோ போதும். வேர்க்கடலை, பாதாம், எண்ணெய், உறைநிலையில் உலர்த்திய சோறு ஆகியவை விரும்பப்படுவதற்குக் காரணம் இந்த 700 கிராமே. பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்து எறிவதும், உணவுப் பொட்டலங்களின் அட்டையை நீக்கி மெல்லிய பைகளில் மாற்றுவதும் வெளியாருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் அப்படிக் கழிக்கும் ஒவ்வொரு கிராமும் 250 கிலோமீட்டருக்கும் தோளிலிருந்து இறங்கிய சுமையாகும். வெறும் பையில் தொடங்கி இரண்டு மூன்று மாதங்களில் போட்டி எடைக்கு உயர்த்துவதும், தோள்பட்டை வார் உரசும் இடங்களையும் இடுப்புப் பட்டை அழுத்தும் இடங்களையும் முன்கூட்டியே கண்டறிவதும் போதுமான ஆயத்தம். முழுச் சுமையோடு ஓயாமல் ஓடுவது முழங்காலையும் கால் எலும்புகளையும் காயப்படுத்தும்.

பாதத்தின் தோல்

பலரைப் போட்டியிலிருந்து விலக்குவது நுரையீரலோ இதயமோ அன்று, உள்ளங்கையளவு தோல். கொப்புளம் என்பது மேல்தோலின் அடுக்குகள் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோப்பதால் உண்டாவது. ஈரமும் வெப்பமும் மணல்துகளும் உரசலைக் கூட்டுகின்றன. வியர்வை அடக்கும் மருந்தை மூன்று இரவேனும் பூசிக்கொண்ட அமெரிக்கப் படைப்பள்ளி மாணவரிடம், நெடுநடைக்குப் பின் கொப்புளம் 48 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தது என்று 1998இல் ஓர் ஆய்வு கண்டது. ஆனால் அவர்களில் 57 விழுக்காட்டினருக்குத் தோல் எரிச்சல் ஏற்பட்டது. பாலைவனப் போட்டிகளிலேயே நடந்த இரு ஆய்வுகளில், முன்கூட்டியே காகித ஒட்டுப்பட்டை ஒட்டுவதால் தெளிவான பயனில்லை என்று 2014இல் வெளியான முதல் ஆய்வும், கொப்புளம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2016இல் வெளியான இரண்டாம் ஆய்வும் கூறின. மருந்துக் கடைகளில் கிடைக்கும் மிக மலிவான பட்டை அது என்பதால், தீங்கில்லாத இம்முறையைப் பயிற்சியிலேயே சோதித்துப் பார்ப்பது தகும்.

வெப்பத்தில் பாதம் வீங்குவதால் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய காலணி வேண்டும். மிகப் பெரிதானாலோ அதற்குள் பாதம் வழுக்கும். பட்டுப்போன்ற மெல்லிய துணியாலான மணல் உறையைக் கணுக்காலுக்குமேல் கட்டி, அதன் கீழ்விளிம்பு ஒட்டும் வெல்க்ரோ பட்டையைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் காலணியைச் சுற்றிலும் தைத்துக்கொள்வது வழக்கம். பசையால் மட்டும் ஒட்டியது சூட்டில் இளகி இரண்டாம் நாளிலேயே வாய்பிளக்கும். ஒரு விரற்கடை இடைவெளி போதும், நண்பகலுக்குள் காலுறை முழுதும் மணலாகிவிடும். மாலைக் கடமையும் பயில வேண்டியதே. கூடாரத்தை அடைந்ததும் காலணியைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து உலர்த்தி, விரலிடுக்குகளைப் பார்த்து, கோத்த நீரைத் தூய ஊசியால் விளிம்பில் துளையிட்டு வடித்து, மேல்தோலை உரிக்காமல் கிருமிநாசினி தடவி மூடுதல் என்ற வரிசையைக் களைப்பில் கண் சொருகும் நேரத்திலும் கை தானாகச் செய்ய வேண்டும். மொரோக்கோவில் மருத்துவக் கூடாரத்தின் முன் மாலைதோறும் நீளும் வரிசை பெரும்பாலும் பாதங்களுக்கானது.

உணவு, குடல், வலிமாத்திரை

70 கிலோ எடையுள்ளவர் 250 கிலோமீட்டரைக் கடக்க, மணலையும் சுமையையும் சேர்க்காமலேயே 17,500 கிலோகலோரி ஆகும். கட்டாய அளவான 14,000 கிலோகலோரி அதற்கே போதாது. இந்தப் பற்றாக்குறையை உடலின் கொழுப்பு ஈடுசெய்யும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. மெதுவாக நீண்டநேரம் இயங்கும் பயிற்சி கொழுப்பை எரிக்கும் திறனையே வளர்க்கிறது. கவலைக்குரியது குடல். வெப்பத்தில் உழைக்கும்போது குருதி தோலுக்கும் தசைக்கும் திரும்பிவிடுவதால் குடல் வறண்டு, குமட்டலும் வாந்தியும் தோன்றுகின்றன. போட்டியில் உண்ணப்போகும் அதே உணவை, அதே சூட்டில், ஓட்டத்தின் நடுவே உண்டு பழகுவதால் குடலும் பயில்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

பயிற்சியால் பழக்கிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளை ஓட்டத்தின்போது விழுங்கும் வழக்கம் பரவலானது. பாலைவனப் பல நாள் ஓட்டங்களின் 80 கிலோமீட்டர்க் கட்டத்தில் 89 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மொத்தம் 44 விழுக்காட்டினரிடம் சிறுநீரகப் பாதிப்பின் அளவுகோல்கள் காணப்பட்டன. மருந்தற்ற வெற்று மாத்திரை கொண்டோரில் 34 விழுக்காடாக இருந்த அது, ஐபுபுரூஃபன் கொண்டோரில் 52 விழுக்காடாக இருந்தது. அம்மாத்திரை தீங்கற்றது என்று நிறுவ முயன்ற ஆய்வு அதை நிறுவ இயலாமல் முடிந்தது. நீரிழப்பாலும் தசைச் சிதைவாலும் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தின்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்ற நியாயம் இல்லை.

ஓட்டத்தின் அளவு

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற கேள்விக்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் அரிது. ஒரே தகுதியுடைய இரு குழுக்களை ஓராண்டு வெவ்வேறு அளவில் ஓடவைத்துப் பாலைவனத்தில் ஒப்பிடுவது நடைமுறைக்கு எளிதன்று. பயிற்றுநர்கள் வழக்கமாகப் பரிந்துரைக்கும் 70 முதல் 120 கிலோமீட்டர் என்பது அனுபவத்தின் தொகுப்பே. ஆயினும் உடலியங்கியல் சார்ந்த சில தெளிவுகள் உண்டு. இறக்கத்தில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுருங்குவதால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. ஒருமுறை அவ்வாறு தாக்குண்ட தசை அடுத்த முறை அதே உழைப்பில் குறைவாகவே சிதைகிறது. பல நாள் ஓட்டத்துக்குரிய முதன்மைப் பயிற்சி, சனி, ஞாயிறு என அடுத்தடுத்த இரு நாள்களில் நெடுந்தொலைவு செல்வதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே நாளில் 60 கிலோமீட்டர் ஓடி இரு வாரம் நொண்டுவதைவிட, 30 கிலோமீட்டரை இரு நாள் செய்துவிட்டுத் திங்களன்று வேலைக்குச் செல்ல முடிந்தவரே சரியாகப் பயின்றவர். விரைவான நடையை ஒரு தனித்திறனாகக் கருதி, நெடுந்தொலைவு நாள்களில் மூன்றில் ஒரு பங்கையேனும் நடையாக வைப்பது பொருத்தமானது.

இவற்றை ஓராண்டில் பங்கிட்டால், முதல் ஆறு மாதம் அடித்தளமான மெது ஓட்டத்துக்கும் இறக்கப் பயிற்சிக்கும், அதே காலத்தில் காலணி, காலுறை, பை ஆகியவற்றைச் சோதிப்பதற்கும் உரியது. அடுத்த மூன்று மாதம் சுமையோடு மணலில் நடப்பதற்கும், அடுத்தடுத்த நாள் நெடுந்தொலைவுக்கும், குடல் பயிற்சிக்கும் உரியது. அதற்கடுத்த இரண்டு மாதத்தில் ஒருமுறையேனும், மூன்று நாள் தொடர்ந்து, இரவில் திறந்த வெளியில் தரையில் உறங்கி, பையில் உள்ளதை மட்டும் உண்டு ஒத்திகை பார்ப்பது நன்று. இறுதி வாரங்களில் ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் 41 முதல் 60 விழுக்காடு வரை, இரண்டு வாரத்துக்குக் குறைப்பது அதிகப் பயன் தருவதாக 2007இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. அந்த இடைவெளியில் வெப்ப இணக்கத்தைப் பொருத்திவிடலாம்.

பயிற்சியின் எல்லை

எல்லாவற்றையும் பயின்ற பின்னரும் பாலைவனத்தின் சொல்லே கடைசிச் சொல்லாக அமையலாம். பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்டு 2021 அக்டோபரில் நடந்த மொரோக்கோப் போட்டியில் வெப்பம் 50 செல்சியஸைத் தொட்டது. வயிற்று நோயும் பரவியது. பிரான்சைச் சேர்ந்த ஓட்டக்காரர் ஒருவர் இறந்தார். பங்கேற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேரே நிறைவுக்கோட்டை அடைந்தனர். 1994இல் இத்தாலியக் காவல் அலுவலரும் தேர்ந்த விளையாட்டு வீரருமான மௌரோ புரோஸ்பெரி, மணற்புயலில் பாதை மறைந்த பின்னும் நகர்ந்துகொண்டே இருந்து வழிதவறி, ஏறத்தாழ பத்து நாள் கழித்து அல்ஜீரிய எல்லைக்குள் நாடோடிக் குடும்பத்தாரால் மீட்கப்பட்டார். புயலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அன்றைக்கும் விதியாக இருந்தது. அவருடைய கால்களின் வலிமையே அவரை நிற்கவிடவில்லை.

உள்வெப்பநிலை 40 செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடும் ஹீட் ஸ்ட்ரோக் என்ற வெப்பத்தாக்கத்திலும் இதே நிலைதான். மூளை மங்கத் தொடங்கியவர் தம்மைப் பற்றிச் சரியாக முடிவெடுக்க இயலாது. ஆகவே எந்த அறிகுறிகள் தென்பட்டால் நிழலில் அமர்வது, எவற்றுக்கு மருத்துவரை அழைப்பது என்பதை மாதங்களுக்கு முன்பே வரையறுத்து, கூடாரத் தோழரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். கடுமையான நெடுந்தொலைவு நாள்களில் திட்டமிட்ட இடத்துக்கு முன்பே, உடல் காட்டும் குறியை மதித்து, வெட்கமின்றி நிறுத்திப் பழகியவருக்கே அந்த முடிவு பாலைவனத்தில் கைவரும். வாராந்தரக் கிலோமீட்டர்க் கணக்கில் அப்படி நிறுத்திய நாள் குறைவாகவே பதிவாகும். பயிற்சியின் முழுக் கணக்கிலோ, ஒட்டகங்களுக்கு முன்னால் ஏழாம் நாளும் நடந்து வருவதற்கான தகுதியில் அது சேர்கிறது.